மூக்கு நீண்ட கார்

"மூணு நாளா வேலியோரம் நின்னு நான் துணி காயப்போடற இடத்தையே வெறிச்சுப் பார்க்கறான்டி!" என்று தோழி ஜூனிடம் போனில் பொருமினாள் வில்மா. ஒஹாயோவின் அந்தத் தெருவில் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"யாரு, புதுசா குடிவந்த டெல்பர்ட்டா? கார் பைத்தியமாச்சே!"

"அதேதான். அவன் வண்டிக்கு எறும்புத்தின்னி மாதிரி மூக்கு. பின்னால உசரமா இறக்கை இருக்கணுமாம், அது இல்ல. அசல்தான் வேணும்னு ஒன்பது வருஷமா பழைய சாமான் சந்தையெல்லாம் அலையறான்."

"அப்போ உன் துணியை ஏன் பார்க்கறான்?"

"பொண்டாட்டி இல்லாத ஆளு. வேறெதுக்கு?"

மறுநாள் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு சண்டைக்குப் போனாள். "வெட்கமா இல்ல?"

டெல்பர்ட் தொப்பியைக் கழற்றினான். "அந்த நீலப் பாவாடையைக் கொஞ்சம் எடுங்களேன், மேடம்."

திகைத்துப்போய் உருவினாள். அடியில் இரண்டு கால்களும் ஒரு குறுக்குப் பலகையுமாக நின்றதன் முன்னால் அவன் மண்டியிட்டான்.

"இந்த அசல் இறக்கை உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"செத்துப்போன எங்க வீட்டுக்காரர் கார் கடையில மெக்கானிக்கா இருந்தார். இறக்கை வெச்ச வண்டியை யாரும் சீந்தலைன்னு அங்கே இதைக் கழட்டிப் போட்டாங்க. துணி காயப்போட ஆகும்னு தூக்கிட்டு வந்தார்."

ஞாயிற்றுக்கிழமை கார் அணிவகுப்பில், டெல்பர்ட்டின் வண்டியில் ஏறியிருந்த அந்த இறக்கையை ஊரே வாய்பிளந்து பார்த்தது. முன் சீட்டில் உதட்டுச்சாயத்தோடு வில்மா. இறக்கையின் ஓரத்தில் ஒரு துணிக் கிளிப். அதைக் கழற்ற டெல்பர்ட்டுக்கு மனம் வரவில்லை.