ஆர்லோவைப் பற்றி ஒரு விசாரணை

"ஆர்லோ எப்படிப்பட்ட ஆளு? மழுப்பாம சொல்லுங்க."

லைசென்ஸ் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே மேலதிகாரி கொரினிடம் சொல்லியிருந்தார்: வேட்டை வழிகாட்டிகளிடம் எதை வேண்டுமானாலும் கேள், அடுத்தவனைப் பற்றி மட்டும் கேட்காதே. உன் காது தாங்காது.

கொரின் கேட்டுவிட்டாள். அவளுக்குச் சுற்றி வளைக்க வராது.

வேட்டை வழிகாட்டி டெல்மர் கோவேறு கழுதையின் முதுகில் கூடார மூட்டையை வைத்து இறுக்கிக்கொண்டிருந்தார். கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"அப்ப அந்தப் பேச்சு நிஜம்தானா? ஆர்லோவும் வழிகாட்டி லைசென்ஸ் கேட்டிருக்கானா?"

"யாரு சொன்னது?"

"காபிக்கடையில பேசிக்கிட்டாங்க. நல்லா இருக்கும்மா உங்க நியாயம்! நரைக்கிற வரைக்கும் வேட்டைக்கு வர்ற டெக்ஸாஸ்காரங்களைக் கூட்டிக்கிட்டு இந்த மலை ஏறினவன் நான். என் லைசென்ஸைப் புதுப்பிக்க லோர்னா எழுதி நீட்டின எல்லாத்துலயும் படிச்சுக்கூடப் பார்க்காம கையெழுத்துப் போட்டு அனுப்பியாச்சு. எல்க் மான் வேட்டை ஆரம்பிக்கப் போகுது, இன்னும் இழுத்தடிக்கிறீங்க. அவனுக்கு மட்டும் வீடு தேடி வந்து விசாரணையா?"

"விசாரணை எல்லாருக்கும் ஒண்ணுதான். நீங்க சொல்லுங்க."

காபியோடு படியில் வந்து நின்ற அவர் மனைவி லோர்னா இருமினாள்.

"எழுதிக்க. ஆர்லோ எல்க் மானைச் சுட்டு, கொம்பை மட்டும் அறுத்துக்கிட்டு, கறியைக் காட்டுலேயே அழுக விட்டவன்."

கொரினின் பேனா நின்றது. கறியை வீணடித்தவனுக்கு அந்த மலைப்பக்கம் யாரும் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

"நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

"ஊரே சொல்லுது."

"ஊர்ல யாரு?"

"நான்தான் சொல்றேனே!"

லோர்னா மறுபடி இருமினாள். இந்த முறை நன்றாகவே.

"தொண்டை சரியில்லைன்னா உள்ள போய்ப் படு," என்றார் டெல்மர். "அப்புறம், குடிகாரன். பனி கொட்டினா கூட வந்த ஆளை அப்படியே விட்டுட்டு இறங்கிடுவான்."

கொரின் கழுதையைச் சுற்றி வந்தாள். அதன் தொடையில் சுட்டிருந்த முத்திரையைக் குனிந்து பார்த்தாள்.

"இது ஆர்லோவோட முத்திரை இல்ல?"

டெல்மரின் காது சிவந்தது. "என் கழுதைக்குக் கால்ல அடி. இரவல் குடுத்திருக்கான்."

"அவ்வளவு மோசமான ஆளு, கேட்டதும் குடுத்துட்டாரா?"

"கேட்கக்கூட இல்ல, அவனே கொண்டுவந்து கட்டிட்டுப் போனான்." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். "கழுதை நல்ல கழுதைதான். நீ ஆளைப் பத்தித்தானே கேட்டே? உங்கப்பன் லாடம் அடிக்கிறவன். பொண்ணு காலேஜுக்குப் போனதும் என்னையே குறுக்கு விசாரணை பண்றா பாரு!"

"லாடம் அடிக்கிறவரு மகளுக்குக் கழுதை எப்ப உதைக்கும்னு தெரியும். அதுக்குப் பின்னால நிக்காதீங்க."

டெல்மர் சட்டென்று ஒதுங்கினார். கொரின் சிரிக்கவில்லை.

"கடைசியா ஒண்ணு. ஆர்லோ இன்னொருத்தரைப் பத்திச் சொன்னா, அதை நம்பலாமா?"

"டெல், போதும்!" என்றாள் லோர்னா. "வாயை மூடிக்கிட்டு உள்ள வாங்க."

"நீ சும்மா இரு. இந்தா பாரும்மா, அவன் வாயைத் திறந்தாலே புளுகு. பைபிள் மேல கை வச்சுச் சொல்றேன்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"எழுதும்மா! நான் சொன்னபடியே எழுது."

கொரின் எழுதினாள். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினாள். லோர்னா காபியைப் படியில் வைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

"அப்ப லைசென்ஸ் கிடையாதுதானே?" டெல்மர் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"கிடையாது."

கொரின் வேலிக்கதவைத் திறந்தாள். நடையை நிறுத்தாமலே சொன்னாள்:

"ஆர்லோ லைசென்ஸ் எதுவும் கேட்கலை, டெல்மர். உங்க நடத்தைக்குச் சாட்சின்னு நீங்க எங்களுக்கு அனுப்பின ஒரே பேரு அவருதான். நீங்க தங்கமான மனுஷன்னு காலையில அடிச்சுச் சொன்னாரு; நான்தான் அந்தப் புளுகை நம்பிட்டேன்."