புளியங்கொட்டை அளவு

ஓவியர் தூரிகைகளைத் துடைத்துக் கட்டி வைத்த பிறகுதான், மில்காரர் வீட்டு அம்மாள் தன் படத்தைப் பார்க்க வந்தாள்.

பார்த்தாள். பூரித்துப் போனாள்.

முகத்துக்கு அவள் உட்கார்ந்தது இரண்டே நாள் காலையில். முதுகு வலிக்கிறதாம். கழுத்துக்குக் கீழே எல்லாம் மயிலாத்தாள். அந்த வீட்டுச் சமையல்கட்டில் வேலை பார்ப்பவள். அம்மாளின் அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு, அம்மாளின் அட்டிகையைப் போட்டுக்கொண்டு, பதினோரு நாள் அசையாமல் உட்கார்ந்தாள்.

கோவையில் பெரிய வீட்டுக் கூடமெல்லாம் அவர் வரைந்த படம்தான். அம்மைத் தழும்பை ஆற்றியிருக்கிறார். மாறுகண்ணை நேராக்கியிருக்கிறார். டாக்டரால் ஆகாதது மாஸ்டரால் ஆகும் என்று கேலி பேசுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

முதல் நாள் மயிலாத்தாள் வலது மணிக்கட்டை முந்தானையால் மூடிக்கொண்டாள். தோசைக்கல் சுட்ட தழும்பு. புளியங்கொட்டை அளவு இருக்கும். இதையும் போட்டுருவீங்களாங்க என்று கேட்டாள்.

இருக்கிறதைத்தான் போடுவேன் என்றார். எந்த வாய் சொல்லிற்றோ.

அவள் கையை வெளியே எடுத்தாள். அப்புறம் மூடவே இல்லை.

நாற்பது வருஷத்தில் அவர் பொய் இல்லாமல் வரைந்தது அந்தப் புளியங்கொட்டை அளவுதான்.

அம்மாள் அதையும் பார்த்துவிட்டாள்.

"மத்ததெல்லாம் அச்சு அசலா நான்தான் மாஸ்டர். இது மட்டும் அவ. எடுத்துடுங்க."

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்கென்ன அம்மா என்று வந்தது.

கட்டின தூரிகையை அவிழ்த்தார்.

ஒரே தீற்று. மணிக்கட்டு மழமழவென்று ஆயிற்று, உரித்த முட்டை மாதிரி.

அம்மாளுக்கு இப்போது சேலைக் கவலை. மயிலாத்தாள் உடம்பில் கிடந்ததை இனி எப்படிக் கட்டுவது? படத்தோடு போகட்டும் என்று முடிவு செய்தாள்.

அவள் கைக் காபி மட்டும் தினம் இரண்டு வேளை தொண்டையில் இறங்கும்.

காபி வந்தது. மயிலாத்தாள் தட்டை மேஜையில் வைத்து, அம்மாளுக்கு ஒரு தம்ளரை எடுத்துக் கொடுத்தாள். வலது கையால்தான்.

பிறகு படத்தை ஏறிட்டுப் பார்த்தாள்.



அவருடைய தம்ளரை எடுத்து நீட்டினாள்.

இடது கையால்.

வலது கை முந்தானைக்குள் இருந்தது.