பெயருக்கு விட்ட இடம்

“உன் வீட்ல என் தூண்டில் ஒண்ணு வைக்க இடமிருக்கா? எந்த அலமாரியைத் திறந்தாலும் துணிதான் மேல விழுது” என்று போன இலையுதிர்காலத்தில் பக்கத்து வீட்டு மெர்ல் லவோனிடம் கேட்டார்.

“இருக்கிற துணியிலயே ஒரு பெரிய ஒட்டுத்துணிப் போர்வை தைச்சு முடிக்கிறேன். அதுவரைக்கும் ஒரு முழம்கூட வாங்க மாட்டேன், போதுமா?” என்றாள் லவோன்.

“நீயா? வாங்கிட்டு வந்து கார் டிக்கியில ஒளிச்சு வைப்பே.”

“டிக்கியைத் துழாவுறதுதான் உனக்கு வேலையா?”

ஆனால் சொன்னபடியே செய்தாள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்துப் பனிக்காலம் முழுக்க, மாலைதோறும் மெர்ல் அவள் எதிரே உட்கார்ந்து துணிகளைச் சதுரமாக வெட்டிக் கொடுத்தார். அவள் சுட்ட ஆப்பிள் கேக்கைத் தின்றார். நான்கு வருடமாக மனதில் கிடந்ததைக் கேட்க மட்டும் வாய் வரவில்லை. அவள் சிரித்துவிட்டால்?

இன்று கடைசித் தையலும் முடிந்தது. தைத்தவரின் முழுப்பெயரை ஒரு துண்டுத் துணியில் நூலால் எழுதி, போர்வையின் பின்புறம் வைத்துத் தைப்பது அங்கே வழக்கம். லவோன் அந்தத் துண்டை நீட்டினாள்.

“லவோன்னு மட்டும் இருக்கு. குடும்பப் பேர் எங்கே?” என்றார் மெர்ல்.

“செத்துப்போன என் வீட்டுக்காரர் குடும்பப் பேரையே போடுறதா, இல்ல புதுசா வேற குடும்பப் பேர் வருமான்னு தெரியல. ஊசியில நூல் கோத்து ஒரு வாரமாச்சு. பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் தினமும் வந்து கேக் திங்க மட்டும்தான் வாயைத் திறக்கிறார்!”

மெர்லுக்குக் காதுமடல் வரை சிவந்தது.

“லவோன், என்னைக் கட்டிக்கிறியா?”