டுவேனின் கடைசித் திருட்டு

“தூங்குற மனுஷன் தலைமாட்டுலயே கை வச்சிட்டியே, பாவி!”

ஆர்டிஸ் எழுந்த வேகத்தில் மேஜை மேலிருந்த பகடைகள் நாலா பக்கமும் உருண்டன.

எதிரில் இருந்த டுவேன் அசரவே இல்லை. எலுமிச்சைக் கேக்கில் இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

“நான் திருடன். திருடன் திருடாம, பிரசங்கமா பண்ணுவான்?”

“எதிரிகிட்டத் திருடு! கூட வர்றவர்கிட்டயா?”

அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு சின்ன ஊர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நாலு பேர் கூடி ஆடுகிற கதையாட்டம் அது. ஆளுக்கொரு வேஷம். ஆர்டிஸ் வாள்வீச்சுக்காரி, டுவேன் திருடன், புதிதாகச் சேர்ந்த லோவெல் மந்திரவாதி. கதையைச் சொல்லி நடத்துகிறவள் வெர்னா.

கதைக்குள் ரகசியமாக ஏதாவது செய்ய நினைத்தால், துண்டுச்சீட்டில் எழுதி வெர்னாவிடம் நீட்ட வேண்டும். படித்துவிட்டு அவள் மூச்சு விடமாட்டாள். இன்று, ஆர்டிஸ் கத்துவதற்குச் சற்று முன்னால், டுவேன் நீட்டிய சீட்டை மட்டும் இரண்டு தடவை படித்தாள். மடித்துக் கேக் தட்டுக்கு அடியில் செருகினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“பொழுது விடிஞ்சது. லோவெலோட மந்திரக்கோலைக் காணோம்.”

லோவெலின் முகம் சுருங்கிப்போனது.

அந்தக் கோல்தான் மூன்று மாதமாக ஆட்டத்துக்கே வினை. மூக்குக்கண்ணாடியை மறந்து வந்த ஒரு நாள், வெர்னா புதையல் பட்டியலில் வரி மாறிப் படித்துவிட்டாள். கோட்டையையே சாம்பலாக்குகிற கோல், நேற்று வந்தவர் கைக்குப் போய்விட்டது. பூதமா, ஒரு சொடுக்கு. பாம்புப் படையா, ஒரு சொடுக்கு. ஆர்டிஸ் வாளை உருவுவதற்குள் சண்டையே முடிந்திருக்கும்.

“பூதத்துக்குத் தோலைத் தடிமனாக்கேன், வெர்னா” என்று போன வாரம்கூடத் தனியாகக் கூப்பிட்டுக் கெஞ்சினாள்.

“கோலுக்கே வேகாத தோலுன்னா, உன் வாள் அதைக் கீறக்கூட முடியாதே?”

“அப்போ கோலைப் பிடுங்கு.”

“கொடுத்ததை நானே பிடுங்கினா, அப்புறம் இந்த மேஜையில என் வார்த்தைக்கு என்ன மரியாதை? அதுவும் லோவெல்கிட்ட! முதல் மாசம் பூரா ‘காபி போதும்’னு சொன்னதைத் தவிர அந்த மனுஷன் வாயே திறக்கலை. கோல் வந்தப்புறம்தான் சிரிக்கிறாரு.”

ஏழு வருஷ ஆட்டம். இந்த மாதத்தோடு நின்றுவிடலாம் என்று ஆர்டிஸ் மனசுக்குள் முடிவே கட்டியிருந்தாள். ஆனாலும் அதற்காகத் திருட்டா? அந்தச் சாது மனிதரிடமா?

“கவலைப்படாதீங்க லோவெல். இவனை விடப்போறதில்ல.”

லோவெல் மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

“முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினேன். பின்சீட்டுல எவன் என்ன பண்றான்னு ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்ல.”

“அப்புறம் எப்படித் தெரியும்?”

“முன்னாடி கண்ணாடி இருக்கே.”

மந்திரவாதியின் பையில் கோல் போக மிச்சமிருந்தது ஒரு கைக்கண்ணாடிதான். கதைக்குள் வரும் ஒரு சந்தைக்கடை மேஜையில் அதைக் குவளை மேல் சாய்த்து வைத்தார். வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கூழாங்கல் ரொப்பிய பணப்பையை இடுப்புக்குப் பின்னால் தொங்கவிட்டார். ஆர்டிஸ் பீப்பாய்க்குப் பின்னால் பதுங்கினாள்.

டுவேனுக்கு வாய் ஊறியது. “திருடன் உள்ள வர்றான். பூனை மாதிரி வர்றான்.”

“இப்போ!” என்று லோவெல் போட்ட கூச்சலில் மாடியிலிருந்த பாதிரியாரே ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

அப்புறம் இரண்டு மணி நேரம் ஒரே ஓட்டம். கூரை மேலே, சந்துக்குள்ளே, பன்றித் தொழுவத்துக்குள்ளே. “இடப்பக்கம் மடக்குங்க, ஆர்டிஸ்! விட்டுடாதீங்க!” என்று லோவெல் நாற்காலியை விட்டு எழுந்து நின்று கத்தினார். காபி ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை. ஆற்றுப் பாலத்தில் ஆர்டிஸ் உருட்டிய இருபது முகப் பகடையில் உச்ச எண்ணான இருபதே விழுந்தது. வாள்முனை திருடன் கழுத்தில் போய் நின்றது.

“எனக்கில்லாத கோல் எவனுக்கும் வேண்டாம்!” என்றான் டுவேன். கோலை முழங்காலில் வைத்து முறித்து ஆற்றில் வீசினான்.

“போட்டுத் தள்ளுங்க!” என்றார் லோவெல்.

ஆர்டிஸ் போட்டுத் தள்ளினாள்.

செத்த வேஷத்தின் விவரம் எழுதிய தாளை, கொன்றவரே கிழிக்க வேண்டும் என்பது அந்த மேஜையின் வழக்கம். ஏழு வருஷமாக எழுதி, அழித்து, ஓட்டை விழுந்திருந்த டுவேனின் தாளை ஆர்டிஸ் நாலாகக் கிழித்தாள். மனசு குளிர்ந்தது.

“நல்லா வேணும் உனக்கு.”

டுவேன் கிழிந்த தாளை ஒரு கணம் பார்த்தான். “அடுத்த வாரம் சாமியாரா வர்றேன்.”

“வாங்க வாங்க. உண்டியலை மட்டும் நாங்க மறைச்சு வச்சுக்கறோம்” என்றார் லோவெல். சொன்னது தான்தானா என்று அவருக்கே ஆச்சரியம். “கோல் போனாப் போகுது. இன்னைக்குத்தான் நானும் ஆடின மாதிரி இருந்தது.”

எல்லோரும் போனபிறகு ஆர்டிஸ் கேக் தட்டைக் கழுவ எடுத்தாள். அடியில் சர்க்கரைப் பிசுக்கில் ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டு வந்தது. டுவேனின் கோழிக் கிறுக்கல்.

‘வெர்னா, கொடுத்த கையால உன்னால பிடுங்க முடியாது. திருடன் எடுத்தா உன்னை யாரும் குறை சொல்ல மாட்டாங்க. எல்லாருமாச் சேர்ந்து என்னைத் துரத்தட்டும், லோவெலையும் ஓடவிடு. கடைசியில என் தலையை மட்டும் ஆர்டிஸ்கிட்ட விட்டுடு. பாவம், அவ வாளுக்கு மூணு மாசமா வேலையே இல்ல.’