பெரிய செட்

"நிக்குமா, நிக்காதா? அதை மட்டும் சொல்லு குப்பு."

தருமபுரிப் பட்டறையில் முக்காலி போட்டிருந்தும் காளியப்பன் உட்காரவில்லை. வாங்கி வைத்த காப்பியில் ஆடை படர்ந்திருந்தது. எதிரே அவருடைய கார், மூடி திறந்து, எஞ்சின் பிரிந்து கிடந்தது. சீமைக்குக் கப்பலேறிய துரை ஒருவரிடம் ஏலத்தில் எடுத்தது. ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. காற்றிலேயே ஆறுகிற எஞ்சின். பிஸ்டன் தேய்ந்து, கொஞ்ச நாளாகப் புகை கக்கிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் குப்புராஜ் இரண்டு மரப்பெட்டிகளைத் திறந்து வைத்தான். இரண்டிலும் புதுச் சிலிண்டர், புதுப் பிஸ்டன்.

"இது பழைய அளவுங்க. இது பெரிய செட், இழுவை ஜாஸ்தி. சமதரையில பறக்கும். வண்டி எங்க போவுதுன்னு சொன்னா, எதைப் போடறதுன்னு நான் சொல்லிடுவேன்."

"நாளன்னைக்கு சேலத்துக்கு அனுப்பி, மாப்பிள்ளை வூட்டாரைக் கூட்டிட்டு வரணும். என் பொண்ணு தீர்த்தம்மாளுக்கு வெத்திலை மாத்தறோம்."

"அட, கல்யாணச் சேதியா? மூஞ்சியைப் பார்த்தா கோர்ட்டுக்குப் போறவராட்டம் இருக்கீங்களேண்ணா."

காளியப்பன் சிரிக்கவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தனை பேருங்க வர்றாங்க?"

"ஆறு பேரு. எல்லாம் நல்ல கனம்."

"அப்ப பழைய அளவையே போட்டுக்கலாம். தொப்பூர் கணவாய் ஏறணுமில்ல? பெரிய செட்ல சிலிண்டர் சுவர் மெலிசு, சூடு ஜாஸ்தி. ஏத்தத்துல வண்டி ஊர்ந்து போகும், காத்து பத்தாது. பிஸ்டன் வீங்கிப் பிடிச்சுக்கும்."

"பிடிச்சா?"

"பாதி ஏத்தத்துல எருமையாட்டம் படுத்துக்கும்."

காளியப்பன் பெரிய பெட்டியையே பார்த்தார். "அவங்க சகுனம் பாக்கற குடும்பம் குப்பு. போன வருசம் அரூர்ப் பக்கம் ஒரு சம்பந்தம் பேசக் கிளம்பி, நடுவழியில டயர் வெடிச்சிருக்கு. தடங்கல் ஆன எடம் வேண்டாம்னு அப்படியே திரும்பிட்டாங்க."

"அதுக்குத்தாங்க சொல்றேன். பழைய அளவு மெதுவாப் போனாலும் ஏறிடும்."

"பெருசு எப்படியாச்சும் ஏறிட்டா?"

"ஆறு பேரோடவா? ஏறவே ஏறாதுங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. இது என் பொண்ணோட வாழ்க்கை."

"நெசமாத்தாங்க சொல்றேன்."

காளியப்பனின் விரல்கள் துண்டின் நுனியை முறுக்கின. "உள்ள இருக்கறவங்க உசுருக்கு ஒண்ணும் ஆபத்தில்லையே?"

"அதெல்லாம் இல்லீங்க. சக்கரத்துக்குக் கல்லு வெச்சுட்டு எறங்கி நிக்க வேண்டியதுதான். எஞ்சின் ஆறினா வண்டி மறுபடி ஓடும். உங்க சம்பந்தம்தான் ஓடாது."

காளியப்பன் குனிந்து, பழைய அளவுப் பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

"பெருசையே போடு."

குப்புராஜ் ஸ்பானரைக் கீழே வைத்தான். "என்னண்ணா, இவ்வளவு நேரம் நான் சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சு. வாக்குக் குடுத்தது எங்க பெரியண்ணன், அவரு பேச்சை நான் தட்ட முடியாது." காளியப்பனின் குரல் இறங்கியது. "மாப்பிள்ளை என்னைவிட நாலு வயசு மூத்தவரு குப்பு."