ஒன்பதுக்கு எட்டு

"ஆஃப்சைடுங்க சார்! அந்த ஒம்பதாவது கோல் சுத்தமான ஆஃப்சைடு. முப்பத்தேழு வருசமாச் சொல்றேன், இந்த மனுசன் ஒத்துக்கவே மாட்டேங்கறார்" என்று நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார் தேவராஜ்.

"ஒக்காருப்பா. தோத்தவனுக்கு எல்லாக் கோலும் ஆஃப்சைடுதான்" என்றார் சின்னுசாமி.

இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த அர்த்தனாரிக்கு வியர்த்தது. கொல்லிமலைச் செம்மேட்டில் சாயங்காலக் குளிருக்கு ஊரே ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டிருந்தது. இவர் மட்டும் கைக்குட்டையைத் தேடினார்.

மைதானத்தில் கால்பந்துப் போட்டித் தொடக்க விழா. ஓய்வு பெற்ற நிருபரான அர்த்தனாரிதான் சிறப்பு விருந்தினர். மேடைக்குப் பின்னால் பத்தடி உயர பேனரில், 1988-ல் அவர் எழுதிய செய்தி பளபளத்தது.

'கொல்லிமலையில் கோல் மழை! ஆலத்தூர் நாடு 9, அடிவாரம் 8.'

அன்று மலை மேலுள்ள ஆலத்தூர் நாடு அணிக்குச் சின்னுசாமி கேப்டன். அடிவாரத்து அணிக்குத் தேவராஜ். இப்போது ஒருவர் மிளகு விவசாயி, இன்னொருவர் தென்னந்தோப்புக்காரர். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது, சண்டை மட்டும் இன்னும் இளமையாக இருந்தது.

"இப்பவும் டிவியில பாக்கறனுங்க சார்" என்றார் தேவராஜ். "தொண்ணூறு நிமிசம் நாயா ஓடறானுங்க. கடைசில சைபர் சைபர்ங்கறான். அதுக்கு எதுக்குங்க பந்து? ஒரு மேட்சுன்னா பதினேழு கோலு விழணும்!"

"பேப்பரும் அப்படித்தான் ஆயிப்போச்சு" என்றார் சின்னுசாமி. "மூணு வரியில ஸ்கோரப் போட்டு முடிச்சுக்கறாங்க. சார் எழுதினதப் பாரு. 'இடது ஓரத்திலிருந்து மின்னலெனப் பாய்ந்த சின்னுசாமியின் உதையில் வலை நடுங்கியது. ரசிகர்கள் இருக்கையின் நுனிக்கே வந்துவிட்டனர்!' படிக்கறப்பவே கால் துறுதுறுங்குதில்ல?"

அந்தக் காலத்தில் அந்த மைதானத்தில் ஒரு நாற்காலிகூடக் கிடையாது.

அப்போது சின்னுசாமியின் மகள் கலைச்செல்வி மேடைக்கு வந்தாள். பள்ளியில் விளையாட்டு டீச்சர். கையில் மைக்.

"ஐயா, இன்னும் அஞ்சு நிமிசத்துல ஆரம்பிச்சரலாங்க. மொதல்ல நீங்க அந்தச் செய்திய உங்க வாயாலயே படிக்கணும். சின்ன வயசுல அத மனப்பாடமா ஒப்பிச்சு ஒப்பிச்சுத்தான் எனக்குப் பந்து மேலயே ஆச வந்துச்சு. இன்னிக்கு ஆடற எல்லாப் புள்ளைங்களும் கேக்கட்டும்."

அவள் நகர்ந்ததும் அர்த்தனாரி பேனரைத் திரும்பிப் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து முப்பத்தேழு வருடம் ஓட்டியாயிற்று. இத்தனை குழந்தைகள் முன்னால் அதை எடுத்து இன்னொரு முறை பரிமாற அவருக்கு மனசு வரவில்லை. உண்மையைச் சொன்னால் இந்த மரியாதையெல்லாம் போய்விடும். போகட்டும், படிக்க முடியாது.

"உங்க ரெண்டு பேருகிட்டயும் ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"ஆஃப்சைடுன்னு சொல்லுங்க சார், போதும்!"

"வெளையாட்டு இல்ல, தேவராஜ். நான் அந்த மேட்சப் பாக்கவே இல்ல."

சின்னுசாமி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"காலைல வந்து சின்னுசாமிகிட்ட ரெண்டு டீம் பேர் லிஸ்டையும் வாங்கினேன். மேட்ச் நாலு மணிக்கு. கீழ எறங்கற கடைசி பஸ் மூணரைக்கு. அதை விட்டா செய்தி அன்னிக்கு ராத்திரி அச்சுக்குப் போகாது. சாப்பிட்டுட்டு பஸ் ஏறிட்டேன். எல்லாமே நானா எழுதினதுதான். கோல் நெறைய இருந்தா செய்தியப் பெருசாப் போடுவாங்க. அதோட, மலையில இருக்கற பசங்க பேரு பேப்பர்ல எப்ப வரப்போகுதுன்னு தோணுச்சு. அதனால பதினேழு பேருக்கு ஆளுக்கொரு கோல் குடுத்தேன்."

கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தப்புதான். வெட்கமா இருக்கு. அன்னிக்கு நெஜமான ஸ்கோர் என்னன்னு இப்பவாச்சும் சொல்லுங்க. மைக்ல நானே திருத்திச் சொல்லி, எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

தேவராஜ் சின்னுசாமியைப் பார்த்தார். சின்னுசாமி பேனரைப் பார்த்தார்.

"மன்னிப்பெல்லாம் வேண்டாமுங்க சார்" என்றார் தேவராஜ் மெதுவாக. "பேசாம இருக்கறதையே படிச்சுருங்க."

"அது எப்படிங்க? உங்க நெஜக் கோலையெல்லாம் அழிச்சுட்டு என் பொய்க் கோல..."

"நெஜக் கோலுன்னு ஒண்ணு இருந்தாத்தானுங்களே அழிக்கறதுக்கு" என்று சின்னுசாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு மேட்சே நடக்கலீங்க சார்."

சின்னுசாமி தேவராஜைக் கைகாட்டினார்.

"இவங்க டீம் வந்த லாரி அறுவத்தேழாவது கொண்டை ஊசி வளைவுல படுத்துக்கிச்சுங்க. மத்தியானமே சேதி வந்து, நாங்க பதினோரு பேரும் எறங்கிப் போயி, இருட்டற வரைக்கும் ரெண்டு டீமும் சேந்து தள்ளிக்கிட்டுக் கெடந்தோம். நடுவுல கடைசி பஸ்ஸுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்னப்ப, சன்னல் சீட்டுல நீங்க இருந்தீங்க. இருவத்திரண்டு பேரும் கையக் காட்டிக் கத்தினோம். நீங்க தலையே தூக்காம என்னமோ எழுதிக்கிட்டே போனீங்க. எங்க மேட்சத்தான் எழுதிக்கிட்டுப் போயிருக்கீங்கன்னு மறுநாள் பேப்பரப் பாத்துத்தான் எங்களுக்கே தெரிஞ்சுது!"