மறுபடியும் மாவோரியில்

"இன்னிக்குக் காலையிலயும் வந்துட்டுப் போயிருக்கார்" என்று கிசுகிசுத்தாள் ஹூரியா. கணினித் திரை முழுக்க நியூசிலாந்துப் பூர்வகுடிகளின் மாவோரி மொழி.

அவள் கணவர் ஹோஹேபா இறந்து நாற்பது நாளாகிறது. மாவோரி மொழி வாத்தியார். ஓய்வு பெற்றபோது தன் வகுப்பறைக் கணினியையும் விலைக்கு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"அம்மா தினம் சாயங்காலம் இதை இங்கிலீஷுக்கு மாத்தி அணைச்சு வைக்குது. விடிஞ்சு போட்டா மறுபடியும் மாவோரி!" என்றாள் மகள் எரனா. "வீட்டுல வேற ஈ காக்கா கிடையாது, ராவிரி."

ராவிரி, வைரோவா ஊரில் கணினி பழுது பார்ப்பவன். அந்த வாத்தியாரின் மாணவன்தான். அவர் நாற்காலியில் உட்கார மனம் வராமல் நின்றபடியே தட்டிக்கொண்டிருந்தான்.

"அடக்கம் முடிஞ்ச அன்னிக்கே பாதிரியாரைக் கூப்பிட்டு, நம்ம வழக்கப்படி வீடு பூரா நடந்து மிதிச்சு, ஜெபம் பண்ணி அப்பாவை வழியனுப்பியிருக்கணும். அம்மாதான் தள்ளிப் போட்டுக்கிட்டே வருது. இன்னிக்கு இது நிக்கலேன்னா ஆக்லாந்துக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். தனியா பயந்தே செத்துரும்" என்றாள் எரனா.

ராவிரி இங்கிலீஷுக்கு மாற்றினான். அணைத்தான். மறுபடி போட்டான். மாவோரி!

திரையில் ஏதோ நீளமான அறிவிப்பு வேறு. அவன் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கையில், பின்னாலிருந்து ஹூரியா கண்ணாடிகூடப் போடாமல் ஒரே மூச்சில் படித்தாள்.

"புதுசா என்னவோ வந்திருக்காம். இப்பவே ஏத்தவா, அப்புறமாவான்னு கேக்குது."

"அப்புறம் பாத்துக்கலாம், ஆன்ட்டி" என்று உள்ளே துழாவினான். கால் மணி நேரத்தில் அது அகப்பட்டது. அவனுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

"பேயுமில்ல, ஆவியுமில்ல. இது எனக்கு வச்ச பூட்டு! வகுப்புல சார் அந்தப் பக்கம் திரும்புனா நான் இதை இங்கிலீஷுக்கு மாத்திருவேன். ஒவ்வொரு தடவை போடும்போதும் தானா மாவோரிக்குத் திரும்புற மாதிரி ஒரு குட்டி நிரல் எழுதி வச்சிருக்கார் மனுஷன்."

"நாசமாப் போறவனே, உன்னாலதானா இத்தனையும்!" என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள் எரனா.

அவன் அந்த நிரலை அடியோடு அழித்தான். அணைத்துப் போட்டான். இங்கிலீஷ். எரனா அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"இனிமே நிம்மதியாத் தூங்கும்மா."

ஹூரியா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இன்னொரு தடவை போடு, ராவிரி."

போட்டான். இங்கிலீஷ்தான்.

"இன்னும் ஒரே தடவை."

"எத்தனை தடவை போட்டாலும் இனி மாறாது, ஆன்ட்டி" என்றான் பெருமையாக. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "ஆமா, உங்களுக்கு மாவோரி தண்ணிபட்ட பாடாச்சே. அப்புறம் எதுக்கு தினமும் இங்கிலீஷுக்கு மாத்துனீங்க?"

ஹூரியா கணவரின் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"மாத்துனாத்தானே அவர் கோவிச்சுக்கிட்டு வருவார்?"